அத்தைக்குப் பிடித்த சர்வாதிகாரி

என் மாமியாருக்குக் கண்புரை. டிவியில் ஆட்கள் தெரிவார்கள், அடியில் ஓடும் எழுத்து தெரியாது. அதனால் அந்த ஜெர்மன் போர்த் தொடரை வீட்டில் போட்டபோது, இங்கிலீஷ் சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை மச்சினன் தலையில் விழுந்தது. அவன் மருந்துக்கடையில் இருக்கிறான். 'சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு' என்று சொல்லிச் சொல்லியே குரல் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. அந்தக் குரலில்தான் சர்வாதிகாரி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான்.

போதாக்குறைக்கு மச்சினன் முறை வேறு வைத்தான். சமையல்காரி அக்கா ஆனாள், தளபதிகள் தம்பிகள் ஆனார்கள். "சாப்பாடு பிரமாதம்க்கா. ரொம்ப நன்றி. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று சர்வாதிகாரி கேட்டதும் அத்தை உருகிவிட்டார்.

"நல்ல வளர்ப்பு."

என் மனைவி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சமைச்சவளுக்கு நன்றி சொல்றாரு பாருங்க. இந்த வீட்ல ஒரு தடவகூட நான் கேட்டதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க 'பிரேக், பிரேக்' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து, வீட்டில் உப்பு கேட்டாலும் அதே சத்தத்தில்தான் வருகிறது. ஆனால் ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைத்ததில்லை. அவனைவிட நான் நல்லவன் என்று இவள் வாயால் ஒருமுறை கேட்டால் போதும் என்றாகிவிட்டது. எந்த மனைவியும் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய சர்டிபிகேட்தானே.

"அவன் லட்சக்கணக்குல ஜனங்களக் கொன்னவன், அத்தை."

"இன்னும் காட்டலையே, மாப்பிள்ளை."

அடுத்த வாரம் அவன் தளபதிகளைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினான். எச்சில் தெறித்தது. "வேலைய ஒழுங்கா முடிக்கலையேப்பா, தம்பி," என்று மச்சினன் இதமாகப் படித்தான்.

"பாவம், சுத்தி இருக்கறவங்க சரியா இருந்தா அந்தப் புள்ள ஏன் கத்தப்போகுது?" என்றார் அத்தை.

"அவன் கத்துனா நீயும் கத்திப் படிடா," என்று மச்சினனை விரட்டினேன். அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்திப் பார்த்தான்.

"ஏன்டா நம்ம மாப்பிள்ளை மாதிரி கத்துற? எனக்குக் கண்ணுதான் தெரியல," என்றார் அத்தை. என் மனைவி சிரித்தாள். நெடுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

கடைசிப் பகுதியில் செத்தவர்களைக் காட்டினார்கள். வரிசை வரிசையாக. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பிணங்களைப் பார்த்து, அப்பாடா, சாட்சி கிடைத்தது என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"யாரு பண்ணது இது?" என்று அத்தை கேட்டார்.

"அவன்தான்."

"இருக்காது. கூட இருந்தவனுங்க பண்ணிருப்பானுங்க. அதுக்குத் தெரிஞ்சா விட்டிருக்குமா?"

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் வீம்பை விட்டுவிட்டு, முடிந்தவரை தணிந்த குரலில் மனைவியிடம் சொன்னேன்: "சாப்பாடு நல்லாருக்கு. நன்றி."

அவள் பரிமாறிய கை நின்றது. முகம் மலரத்தான் பார்த்தது. அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"பாத்தியாடி, அதப் பாத்து மாப்பிள்ளையே திருந்திட்டாரு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையில் ஓங்கி ஒரு அடி. தட்டுகள் துள்ளின.

"அவன் நல்லவனா, நான் நல்லவனா? இப்பவே சொல்லுங்க. ஒவ்வொருத்தரா."

மச்சினன் முதலில் சொன்னான்: "நீங்கதான் மச்சான்."

"நீங்கதான் மாப்பிள்ளை. அதுல என்ன சந்தேகம்," என்றார் அத்தை. இத்தனை வருஷத்தில் அவர் நான் சொன்னதை எதிர்க்காமல் ஒப்புக்கொண்டதே இல்லை.

என் மனைவி மேஜை ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை மெல்ல உள்ளே தள்ளி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீங்கதாங்க நல்லவர்."

கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. அத்தை கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"சாப்பிடுங்க, அத்தை," என்றேன், என்னால் முடிந்த மெல்லிய குரலில்.

உடனே சாப்பிட்டார்.