பீடி காயும் மாடி

நடுப்பகலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கூடத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார்கள். சாபிரா எழவில்லை. நூல் சிக்கலை எடுக்கிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் பார்க்காதபோதுதான் அவள் எழுந்திருப்பாள். முதலில் கைகளை ஊன்றிச் சுவர் வரைக்கும் தவழ வேண்டும். பிறகு சுவரில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை என்று தன் உடம்பின்மேல் தானே ஏறுவது போல ஏறி நிமிர வேண்டும். இடுப்பும் தொடையும் உள்ளுக்குள்ளே விண்ணென்று இழுக்கும். அவளுக்கு வயது இருபத்தாறுதான்.

அது ராயபுரத்தில் மதார் சாகிப் வீட்டுப் பின்கூடம். பீடி இலையில் ஈரம் வற்றக்கூடாது. வெயிலோ காற்றோ பட்டால் முறுகி, சுற்றும்போது உடைந்துவிடும். ஆகவே ஜன்னல்கள் எப்போதும் அடைத்தே இருக்கும். நனைத்த கோணிக்குள் இலையும், அதைச் சுற்றி இருட்டில் பெண்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருப்பார்கள். வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண்கள். தங்கள் வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சந்தில்கூடத் துப்பட்டியைத் தலையோடு கால் போர்த்திக்கொண்டுதான் நடப்பார்கள். மாடிக்குப் போவது சுற்றிய பீடி மட்டும். அங்கே தட்டுத்தட்டாகப் பரப்பிக் காயவைத்தால்தான் அது நமுத்துப்போகாமல் கடைக்குப் போகும்.

அன்றைக்குப் பார்த்து, கூடப் பீடி சுற்றும் ஜீனத் எதையோ மறந்து திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னாடி இது, கொயந்த மாரி தவுந்துகினு கீறே?"

"கத்தாதேக்கா. மதார் மாமு காதுல வுயப் போவுது."

"வுயட்டுமே! ஒடம்புக்கு இன்னா?"

சாபிரா சுவரைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்கினாள். "சந்துல டீபின்னு பேசிகினு கீறாங்க. டீபிக்காரி சுத்தின பீடியை எவன் வாயில வெப்பான்? மாமு என்னை நாளைக்கே நிறுத்திடுவாரு. அப்புறம் தாம்பரம் டீபி ஆஸ்பத்திரில கொண்டுபோய் போட்டுட்டா, எம் புள்ளைங்கள யாரு பார்ப்பாங்க?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் புருஷன் காஜா மொய்தீன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பெண்டாட்டிக்கு வந்திருப்பது வாதம், வாதத்துக்குக் காற்றே ஆகாது என்று எவனோ கப்பலடியில் சொல்ல, அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த ஒரே ஜன்னலிலும் கோணியை வைத்து ஆணி அடித்துவிட்டான். தினமும் அலுத்துச் சலித்து வந்தும் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடாமல் படுக்க மாட்டான். அவ்வளவு பிரியம். வலி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

டாக்டரிடம் காட்டாமல் வைத்திருந்ததற்காக ஜீனத் அவனை வாசலில் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மறுநாள் ரிக்‌ஷாவில் துப்பட்டியைத் திரையாகக் கட்டி, மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லேடி டாக்டர் சாபிராவின் முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்தினார். சாபிரா துள்ளிவிட்டாள். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். படம் வருவதற்குள் காஜா மொய்தீன் ஓதாத ஓதல் இல்லை, நேர்ந்துகொள்ளாத தர்கா இல்லை.

"டீபி எல்லாம் இல்லம்மா" என்றார் டாக்டர், படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு.

சாபிரா திரும்பக் கேட்டாள். "இல்லியா டாக்டரம்மா? நெசமா?"

"நிஜமாத்தான். எலும்பு இளகிப்போயிருக்கு. வைட்டமின் டின்னு ஒரு சத்து. அது இருந்தாத்தான் நீ சாப்பிடற சுண்ணாம்புச் சத்து எலும்புல போய்த் தங்கும். அந்த வைட்டமினை நம்ம தோலே உண்டாக்கிக்கும். ஆனா அதுக்கு வெயில் படணும். நீ வெயில்ல நின்னு எத்தனை நாளாச்சு?"

சாபிரா யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"இன்னாங்கம்மா இது!" காஜா மொய்தீனுக்குப் பொறுக்கவில்லை. "மெட்ராஸ்ல வெயிலு இல்லாம ஒரு வியாதியா? என் முதுவுல அடிக்கிறதுல பாதியை இவளுக்குக் குடுத்துடலாமே!"

டாக்டர் சிரித்துவிட்டார். இந்த மாசத்தில் இதே வியாதியோடு வந்த கோஷா பெண்களில் சாபிரா நான்காவது ஆள் என்றார். சுறா மீன் எண்ணெய், பால், தினமும் கொஞ்ச நேரம் வெயில். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்காருவது உதவாது. "போர்த்திக்கிட்டும் உக்காராதே. அப்புறம் வெயில் துப்பட்டிக்குத்தான் கிடைக்கும். கையும் காலும் முகமும் வெளியே இருக்கணும். விடாமச் செஞ்சா நல்லாவே நடப்பே. பயப்படாதே."

வீட்டுக்கு வந்து முதல் கரண்டி எண்ணெயைக் குடித்ததும் சாபிராவுக்குக் குமட்டியது. "காசிமேட்டு மீன் அத்தினியும் கரைச்சி ஊத்தினா மாரி கீது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். காஜா மொய்தீன் ஜன்னலில் தான் அடித்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஜன்னல் திறந்தும் எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. சந்துக்குள் வெயில் இறங்குவதே இல்லை. வெயில் இருக்கிற இடம் ஒன்றுதான், மதார் சாகிப்பின் மொட்டை மாடி. மறுநாள் அங்கே உட்கார விடச்சொல்லி ஜீனத்தே கேட்டாள். மதார் சாகிப் வழக்கம்போலக் கூடத்துத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"மாடி பீடி காயிற எடம்மா. பொம்பளைங்க காயிற எடமா அது? எதுத்த மாடியில ஆம்பளைங்க வேற கீறாங்க."

"சுத்திலும் படுதா கட்டிக்கறோம், மாமு."

"வாணாம். ஆளு ஏறினா பீடி மிதிபடும்."

மற்ற பெண்கள் தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜீனத் விடவில்லை. "பீடியைப் பொரட்டிப் போட நீங்கதானே தெனம் தெனம் மாடி ஏறுறீங்க? படியில மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது மாமு. அந்த வேலையை நாங்க பார்த்துக்கறோம். தட்டை ஏத்தறது, பொரட்டறது, எறக்கறது, எல்லாம்."

திரைக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

"அதுக்குக் கூலி கேப்பீங்களா?"

"வாணாம் மாமு" என்றாள் சாபிரா, ஜீனத் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

காஜா மொய்தீன் துறைமுகத்து மேஸ்திரியைக் கெஞ்சி, கிழிந்த தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்தான். மூங்கில் நட்டு, மாடியின் நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மறைத்து ஆணி அடித்தான். மேலே வானம் திறந்து கிடந்தது. இறங்கும்போது, "அந்தக் கோணியை அடிச்சதும் இந்தக் கையிதான் புள்ள" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

முதல் நாள் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துத்தான் சாபிராவை மாடிக்கு ஏற்றினார்கள். தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, துப்பட்டியை எடுத்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கி விட்டுக்கொண்டாள். வெயில் சுள்ளென்று விழுந்தது. வெட்கமாகவும் சுகமாகவும் இருந்தது. பக்கத்தில் ஜீனத்தும் காலை நீட்டிக்கொண்டு, "எனக்கும் முட்டி வலிதான்டி. சொன்னா வேலை பூடும்னு வாயைத் தொறக்கல" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராகத் தங்கள் வலியைச் சொன்னார்கள். அதிலிருந்து முறை வைத்துக்கொண்டு ஏறினார்கள்.

எண்ணெயையும் அவள் விடவில்லை. வலி மெல்ல மெல்ல விட்டது. சில மாதம் கழிந்து, பக்ரீத் வருவதற்குள் ஒரு நாள், லுஹருக்குப் பாங்கு சொன்னதும், எல்லாரும் எழுந்தபோது சாபிராவும் எழுந்தாள். கை சுவரைத் தேடிப் போனது, ஆனால் தேவைப்படவில்லை. கூடம் முழுவதும் அவளையே பார்த்தது. ஜீனத் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

தொழுகை முடிந்ததும் சாபிராவே ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பீடிகளை ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினாள்.

"பொரட்டியாச்சில்ல?" கீழேயிருந்து மதார் சாகிப்பின் குரல் வந்தது. "எறங்கும்மா, எறங்கு. இலை காத்துகினு கீது."

"தோ வந்துட்டேன் மாமு."

ரவிக்கைக் கையை இறக்கிவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சுவரைத் தொடாமல் படியிறங்கி இருட்டுக் கூடத்துக்குள் போனாள். பீடிகள் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் வெயிலிலேயே கிடந்தன.