படகு கரை சேரும் கேசட்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. "நேரா நில்லுங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க. ம், விடலாம்." காலையிலிருந்து மாலை வரை இதைத்தான் சொல்வாள். சில நாள் வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, காய் நறுக்க உட்காரும்போதுதான் அன்று முழுக்க வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது உறைக்கும். உறைத்து என்ன செய்ய? தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். ஒரு கல்யாணம் கூடிவந்து கைநழுவிப் போனது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை. அவளோ இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அப்பாவை அண்ணன் தன்னோடு அழைத்துப் போன பிறகும் அவள் நகரவில்லை. "அந்தக் காரை பெயர்ந்த வீட்டுல என்னதான் இருக்கு?" என்று அண்ணன் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான். ஆஸ்பத்திரி பக்கம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறாள் என்பது அண்ணனுக்கும் தெரியும்.

ஒரு நாள் மதியம், மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கலகலவென்று பேசுகிறவள். யார் கேட்கிறார்கள், கேட்கவில்லை என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

"நேத்து வீட்டுல அந்த ஏரிப் படம் போட்டோம்க்கா. புது டிஸ்க் வந்திருக்கு, என்னமா சுத்தம் பண்ணியிருக்கான். கடைசியில அந்தம்மா படகுலேந்து எறங்கிப் போற எடத்துல எம் பொண்ணு ஒரே அழுகை."

எக்ஸ்ரே அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எறங்க மாட்டாங்களே. அம்மாவும் பொண்ணும் சேந்துதான கரைக்கு வருவாங்க."

"நீங்க வேற ஏதோ படத்தச் சொல்றீங்க."

"ஏரிக்கு அடியில ஒரு ஊர் இருக்கும். காணாமப்போன அம்மாவத் தேடிக்கிட்டு ஒரு பொண்ணு போகும். பல்லு போன ஒரு மீன் வழி காட்டும். அதான?"

"அதேதான். ஆனா அம்மா எறங்கிடுவாங்கக்கா. பாதி ஏரி வந்ததும் எறங்கித் தண்ணிக்குள்ள போயிடுவாங்க. அந்தப் பொண்ணு மட்டும் தனியாத் துடுப்பு போட்டுட்டு வரும்."

எக்ஸ்ரே அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.

அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா வீட்டை விட்டுப் போனாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லாத ஒரு நடுப்பகல். ஒரு பை, ஒரு குடை. வாசலில் நின்ற மகளின் கன்னத்தைத் தட்டி, "வரேன் பாப்பா" என்றாள். நம் மொழியில் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆறு வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? வருகிறேன் என்று சொன்னவள் வரத்தானே வேண்டும்.

அந்த ஆண்டுதான் ஏரிப் படத்தின் கேசட் வீட்டுக்கு வந்தது. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். பேச்சே அபூர்வம். மனைவி போனதைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை, தேடிப் போகவும் இல்லை. அதற்காகவே வளர்ந்த பிறகு மகள் அவரை மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் அந்தக் கேசட்டைப் போடுவாள். படகில் அம்மாவும் பெண்ணும் தோளோடு தோள் உரசிச் சிரித்துக்கொண்டே போவார்கள், படம் முடியும். ஒரு நாள் நாடா சிக்கிக்கொண்டு கேசட் அலமாரிக்குப் போனது. அப்புறம் அந்தப் படத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. முடிவு அவளுக்கு மனப்பாடம்.

மருந்தகப் பெண்ணிடம் டிஸ்க்கை இரவல் வாங்கி வந்து அந்த வாரக் கடைசியில் போட்டுப் பார்த்தாள். அம்மா இறங்கினாள்.

இது பிற்பாடு மாற்றியதாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. பழைய படங்களைப் புதிதாக வெளியிடும்போது எதையாவது சேர்ப்பதும் வெட்டுவதும் நடப்பதுதானே. தேட ஆரம்பித்தாள். நூலகத்தில் முதன்முதலில் வந்த டிஸ்க் கிடைத்தது. அதில் படம் முழுக்கப் பாசி பிடித்தமாதிரி ஒரு பச்சை. வேற்றுமொழிப் படம் என்பதால், இறங்கும்போது அம்மா பேசுவதைக் கீழே தமிழில் "போகிறேன்" என்று எழுத்தில் போட்டிருந்தார்கள். பிறகு சிறப்புப் பதிப்பு என்று அட்டைப்பெட்டியில் வந்தது ஒன்று. அதில் நிறமெல்லாம் பளிச்சென்று இருந்தது. அழுக்கைத் துடைக்கிறேன் என்று முகத்தையும் சேர்த்துத் துடைத்திருந்ததால் அம்மா மெழுகுபொம்மை மாதிரி இருந்தாள். குரலையும் வேறு யாரையோ வைத்துத் தமிழில் பேசவைத்திருந்தார்கள். அந்தக் குரல் "வரேன்" என்றது. அந்த இடத்தில் அவள் டிஸ்க்கை நிறுத்திவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

எதில் பார்த்தாலும் அம்மா இறங்கினாள். இறங்கும் விதம்தான் வேறு வேறாக இருந்தது. பழசில் எல்லாம் கலங்கலாக இருந்ததால், தண்ணீருக்குள் போகும் முன் அம்மா ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. புதிய டிஸ்க்கில் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிந்தது. அம்மா திரும்பவில்லை. காற்றில் கூந்தல்தான் திரும்பியது. நிழலையும் எலும்பையும் பிரித்துப் பார்த்தே பிழைக்கிற கண் அது. அதற்கு மேல் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

பழைய படங்களைச் சேகரிப்பவர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில், படகு கரை சேரும் பதிப்பு எது என்று கேட்டு எழுதினாள். ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். பழைய டப்பா என்ற பட்டப்பெயரில் எழுதும் ஒருவர் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டார். இந்தப் படத்தின் எல்லா வெளியீடும் தன்னிடம் இருப்பதாகவும், அப்படி ஒரு முடிவு எதிலும் இல்லை என்றும், கேசட் கையில் இருந்தால் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். அதே ஊர்க்காரர்தான்.

விடுமுறை நாளில் அலமாரியைக் குடைந்து கேசட்டை எடுத்துக்கொண்டு போனாள். பழைய டப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். கூடம் முழுக்கக் கேசட் அடுக்கு. "உக்காருங்கம்மா. நாற்காலியத் தேடிக் கண்டுபிடிச்சா உக்காரலாம்," என்று அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். அவர் ஊசி முனையால் நாடாவை நீவிச் சரிசெய்து, கேசட்டைப் பக்கத்தில் வைத்தார்.

முதலில் தன்னிடம் இருந்த கடைக் கேசட்டைப் போட்டார். அகலப் படத்தைச் சதுரப் பெட்டிக்குள் அடக்க இரண்டு ஓரத்தையும் வெட்டியிருந்ததால், அதில் அம்மாவின் பாதி உடம்புதான் தெரிந்தது. அந்தப் பாதியும் இறங்கிப் போனது. அப்புறம் அவளுடையதைப் போட்டார். படகு நடு ஏரிக்கு வந்தது. திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, படம் ஒரு துள்ளு துள்ளியது, உடனே இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பழைய டப்பா முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். "இந்தச் சிரிக்கிற எடம் படத்தோட நடுவுல வர்றது. பாருங்க, இங்க பொண்ணு கழுத்துல துண்டு இருக்கு, அங்க இல்ல. அத எடுத்து இங்க ஒட்டியிருக்காங்க. கம்பெனிக்காரன் பண்ண வேலை இல்லம்மா. ரெண்டு வீடியோ மெஷின வச்சு வீட்டுல யாரோ பண்ணது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டு எத்தனை தடவை அவள் கண்ணில் பட்டிருக்கும்.

"நான் ஒரு காப்பி எடுத்துக்கலாமா? இப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது," என்றார் ஆசையாக.

"வேணாங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பில் கேட்டாள்: "ஏரிப் படத்த வெட்டி ஒட்டினது யாரு?"

"அப்பாதான். நீ போஸ்டரப் பாத்துட்டு அந்தப் படம் வேணும்னு உயிர எடுத்துட்டிருந்த. என்னை ஸ்கூல்ல ஏற்கெனவே அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க, எனக்கு முடிவு தெரியும். அப்பாகிட்ட சொன்னேன். டிப்போவுல யார்கிட்டயோ இன்னொரு மெஷின் இரவல் வாங்கிட்டு வந்தாரு. உன்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஞாயித்துக்கிழம பூரா உக்காந்தோம். நான் வயரப் பிடிச்சிட்டிருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது பாப்பா? அதப் பாக்கறப்ப மட்டுந்தான் நீ சிரிப்ப."

போனை வைத்த பிறகு அவளுக்கு வந்தது கோபம்தான். அண்ணன் அந்த முடிவைப் பார்த்தான், அழுது தீர்த்தான், அதோடு அம்மாவையும் முடித்துக்கொண்டான். படித்தான், ஊர் மாறினான், பிள்ளை குட்டி என்று ஆனான். அவளுக்கு மட்டும் நாள் தவறாமல் படகைக் கரை சேர்த்துக் காட்டினார்கள். வருகிறவளுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் வேண்டாமா என்று அவள் இந்த வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. தனக்கே அது இவ்வளவு வெளிச்சமாக இப்போதுதான் தெரிந்தது.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் ஊருக்குப் போனாள். அண்ணியும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். அப்பா பின்கட்டில், ஓடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். கை நடுங்கியது. "பேரிங் போச்சு இதுல. சொன்னா உங்கண்ணன் கேக்கறதில்ல," என்றார் வந்தவளிடம், நலம் விசாரிப்பதுபோல.

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. "அப்பா, அந்த ஏரிப் படம் ஞாபகம் இருக்கா? நீங்க ஒட்டினீங்களே."

அவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எடத்துல ஒரு கோடு விழுந்துடுச்சு. மெஷின் ஹெட்டத் தொடச்சேன், வயர மாத்தினேன், எத்தன தடவ திருப்பித் திருப்பிப் பண்ணேன். போகவே மாட்டேன்னுடுச்சு. நீ கண்டுபிடிச்சிடுவியோன்னு இருந்துச்சு எனக்கு."

"கண்டுபிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்பா." அவள் குரல் அவளுக்கே கரடுமுரடாகக் கேட்டது. "நான் காத்துட்டே இருந்தேன். அதப் பாத்துட்டு, நம்ம அம்மாவும் வந்துடுவாங்கன்னு. எத்தன வருஷம்னு எனக்கே தெரியல."

இயந்திரம் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுழலத் தொடங்கியது. அந்த இரைச்சல் மெல்ல அடங்கியது.

"நானுந்தான்," என்றார் அப்பா.

அவள் அவரைப் பார்த்தாள். டிப்போவிலிருந்து வந்து, கையில் கிரீஸோடு கூடத்து மூலையில் நின்று, அவள் படம் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. படகு வரும்வரை நிற்பார். பிறகு கை கழுவப் போவார். தன்னைப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கடைசியில அவ என்ன சொல்லுவா? மறந்துபோச்சு," என்றார்.

"ஒரு டிஸ்க்ல போறேன்னு சொல்றா. இன்னொண்ணுல வரேங்கறா."

"எது சரி?"

"ரெண்டும் ஒண்ணுதாம்பா."

அவர் தலையாட்டினார். "திரும்பிப் பாப்பாளா?"

பொய் சொல்வது சுலபமாகத்தான் இருந்திருக்கும். "பழசுல பாக்கற மாதிரி இருக்கும். இப்ப வந்ததுல நல்லாத் தெரியுது. பாக்கல."

"பாக்க மாட்டா," என்றார். இயந்திரத்தின் மூடியைத் திறக்கப் போனார். பிடி நழுவியது. அவள் எழுந்து திறந்து, துணிகளை வெளியே எடுத்தாள். அவர் க்ளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் உதறிக் கொடியில் போட்டாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைத் தனி ஆளாகச் சுமக்க வேண்டியதில்லை என்று மட்டும் ஆகியிருந்தது.

சாயங்காலம் அண்ணன் பஸ் நிலையம்வரை வந்தான். இங்கேயே வந்துவிடேன் என்று அவன் கேட்கவில்லை. யோசிக்கிறேன் என்று அவளாகவே சொன்னாள். தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. அவள் பக்கத்து இருக்கையில் அவள் பை இருந்தது. கையில் பெரிய மூட்டையோடு ஒரு பெண்மணி அதைப் பார்த்துத் தயங்கினாள்.

"யாராவது வராங்களா இங்க?"

"யாரும் வரலைங்க. உக்காருங்க," என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி மூட்டையைக் காலடியில் திணித்துவிட்டு உட்கார்ந்தாள். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். பிறகு தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.