தேநீருக்கு வருகிறவர்

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணியின் வாணலியில் மாவு தனியாகவும் பருப்பு தனியாகவும் மிதந்துகொண்டிருந்தன. போனில் அண்ணி சொன்னதும் இதைத்தான். "போட்டதெல்லாம் வெடிச்சுப் போகுது. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்." ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பூரணத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ஊறிய பாசிப்பருப்பை அரைத்து, சோம்பும் மிளகாய்த்தூளும் போட்டு, அரைகுறையாக வதக்கி இறக்கியிருக்கிறார். விரலில் ஒட்டாமல் உதிரும்வரை வறுக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் ஆவி வெளியே வர வழி தேடும். அண்ணிக்கு இது தெரியாததில் வியப்பில்லை. இந்த வீட்டில் கச்சோரி செய்தது நானும் அண்ணனும்தான். டீ மட்டும் அண்ணியின் பொறுப்பு.

அண்ணன் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பூரணத்தைக் கோலிக்குண்டு மாதிரி உருட்டுவான். நான் மாவைக் கிண்ணமாகக் குழித்து, அதற்குள் வைத்து மூடுவேன். அவன் உருட்டியதில் பாதி தட்டுக்கு வராது. "ருசி பாக்கிறேன்" என்பான், வாய் நிறைய. சில வேளை ஒரே ஒரு உருண்டைக்குள் பச்சை மிளகாயை முழுசாகப் புதைத்துவிடுவான். அது யாருக்கு வருமோ என்று எல்லாரும் பயந்து பயந்து கடிப்போம். பெரும்பாலும் அவனுக்கே வரும். கண்ணில் தண்ணீர் வழிய, ஒன்றுமே நடக்காத மாதிரி மென்றுகொண்டிருப்பான். கல்யாணமாகி வேறு வீடு போன பிறகும் ஞாயிறு சாயங்காலம் என் கால்கள் தானாக இங்கேதான் வந்தன. அவன் இறந்துபோன பிறகு நான் என் வீட்டில்கூட இதைச் செய்ததில்லை.

பூரணத்தை மறுபடி வறுக்கத் தொடங்கினேன். சோம்பு வாசனை எழுந்தது. மேடையில் விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற கண்ணாடிக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"யாரு அண்ணி வர்றாங்க?"

அண்ணி டீத்தூள் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். மறுபடி திறந்தார்.

"நம்ம லிஃப்ட்டைப் பாக்க ஒருத்தர் வருவாரே, அவர்தான்."

"ஞாயித்துக்கிழமையிலயா? லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு. அதுலதான் வந்தேன்."

"ரொம்ப நாளாவே நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி. "நான்தான் சத்தம் வருது, சத்தம் வருதுன்னு போன் பண்ணிட்டே இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"பேசி முடிச்சாச்சா?"

"ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். உனக்குத் தெரியாம எதுவும் வேணாம்னு சொல்லிட்டேன்."

"அதுக்குக் கச்சோரி எதுக்கு? கடையில ஏதாவது வாங்கியிருக்கலாமே."

"உங்க அண்ணனைப் பத்தி அவர்கிட்ட முதல்ல சொன்னதே அந்தப் பச்சை மிளகாய் விஷயம்தான். விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம், அதை ஒரு நாள் சாப்பிடணுமேன்னார். செத்தவரைப் பத்திப் பேசினா எல்லாரும் பேச்சை மாத்துவாங்க. இவர் மாத்தலை."

நான் கிளறிக்கொண்டே இருந்தேன். அண்ணி காலம் பூராவும் தனியாகக் கிடக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்தவள் இல்லை. நானே இரண்டு முறை ஜாடையாகச் சொல்லியும் இருக்கிறேன். பிறகு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று யோசித்தேன். அப்பா அம்மா போய், அண்ணனும் போன பிறகு, பிறந்த வீடு என்று நான் சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது இந்த ஒடுக்கமான சமையலறைதான்.

"அப்போ நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?"

கேட்ட பிறகுதான் என் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது தெரிந்தது. அண்ணி டப்பாவைக் கீழே வைத்தார்.

"அண்ணின்னு கூப்பிடாம பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு. வாயிலேயே போடுவேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடி என்று நானும் வைத்துக்கொண்டேன்.

பூரணம் உதிர்ந்து வந்தது. நான் குழித்து மூடினேன், அண்ணி உள்ளங்கையால் மெதுவாக அழுத்தித் தட்டினார். எண்ணெய் லேசாகக் காய்ந்ததும் ஒவ்வொன்றாக விட்டேன். இதற்குச் சிறுதீ வேண்டும். அடியில் சும்மா கிடந்துவிட்டு, தனக்குத் தோன்றியபோது மேலே வந்து உப்பும். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அவர் வந்தபோது நான் கிளம்பக் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி அதை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டிருந்தார். வந்தவருக்கு இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி, எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் கறை படிந்த நகங்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு கச்சோரியைப் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"உங்க அண்ணன் செய்யற மாதிரியே இருக்குங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல. அவன் இருந்தா இன்னும் நல்லா வரும்."

அண்ணி என்னைப் பார்த்தார். வந்தவர் தலையை ஆட்டினார்.

"வரும்" என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அண்ணி கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிக் கொடுத்தார். அவர் குனிந்து உறிஞ்சியதும் ஆவி பட்டு மூக்குக்கண்ணாடி முழுக்க வெளுத்துப்போயிற்று. ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் கச்சோரி. துடைக்க வழியில்லாமல், தானாகத் தெளியட்டும் என்று அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்களை அவர் பார்க்க முடியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.