குண்டாறு வளைந்து வந்த பகல்

குண்டாற்றில் தண்ணீர் வருகிறது என்று மேற்கே காரியாபட்டிப் பக்கமிருந்து மைத்துனன் ஜெயபாண்டி போன் செய்தபோது, ஆற்றின் நடுவே என் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் மூட்டத்தையே ஆற்றில் போட்டவன். திருச்சுழிப் பக்கத்தில் ஆறு என்பது சீமைக்கருவேலங்காடு, நடுவில் கொஞ்சம் மணல், அவ்வளவுதான். வெட்டிய விறகை வெட்டிய இடத்திலேயே அடுக்கி, மண் மூடித் தீ வைத்திருந்தேன். பாதி வெந்ததைப் பிரித்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும்.

"தண்ணி வருதாம்லங்க!" என்று ஓடிவந்தாள் என் மனைவி தங்கலட்சுமி. மூட்டத்தைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில்தான் கண்மாய்க்குப் பிரியும் கால்வாய். கண்மாய்க்குத் தண்ணீர் போகாவிட்டால் அவள் நட்ட மிளகாய் கருகிவிடும். மூட்டத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வராது புள்ள. வளைஞ்சு வளைஞ்சு வாரதுக்குள்ள மணலே குடிச்சுப்புடும்" என்றேன். என் வேண்டுதலும் அதுதான்.

புகையில் கண் சொக்கியது. கனவில் ஆற்றோடு நானும் நடந்தேன். மலையிறங்கிக் கிழக்கே வந்தது. பாறையைக் கண்டு தெற்கே திரும்பியது. எதையோ மறந்துவிட்டதுபோல மறுபடி வடக்கே போனது. முள்ளுக்குள் நுழைந்து ஆட்டுத்தடத்தில் வெளியே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் இங்கேயே இரு என்று கெஞ்சினேன். அது பாட்டுக்கு வந்தது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, வளைவைச் சுற்றித் தண்ணீர் வந்தேவிட்டது. மூட்டத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு மணல்மேடு. அதில் ஏறத் தெம்பில்லாமல் பக்கத்து முள்ளுக்காட்டுக்குள் ஒதுங்கி, மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

என் மூட்டம் பிழைத்தது. முதல் தண்ணீருக்குக் குலவை போடுவது எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். கரையில் நின்ற தங்கலட்சுமி போடவில்லை.

"இம்புட்டு வந்ததே பெருசுங்க. ஒங்க மூட்டம் வேகட்டும்" என்றாள். மிளகாய்க்காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆற்றின் மேல், என் மேல், இப்படி விட்டுக்கொடுக்கிறவள் மேல்.

"ஏன் வாயடைச்சு நிக்கிற? கொலவை போடு!" என்று கத்திக்கொண்டே மண்வெட்டியால் மேட்டை வெட்டினேன்.

தண்ணீர் என் காலுக்கிடையே புகுந்து ஓடியது. மூட்டம் சீறி, வெள்ளை ஆவி மரங்களுக்கு மேலே எழுந்தது. அவள் அழுதுகொண்டே குலவை போட்டாள். நான் வெட்டுவதை நிறுத்தவில்லை. கால்வாய்க்குள் தண்ணீர் திரும்பிய பிறகுதான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.