மாடியில் இருந்தவர்கள்

காதுகுத்துக்குச் சொல்ல சுடலைவடிவு வந்தபோது, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் அருமைநாயகம் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். உட்காரும்படி கை காட்டினார். கீழத்தெருக்காரி அவள், மூன்று வயது மகளைப் பிடித்துக்கொண்டு கதவோரமே நின்றாள்.

அருமைநாயகத்தின் மகள் கெசியாவுக்கு இத்தாலியில் வேலை. அந்த ஊரில் தரைக்கடியில் இருந்த ரோமானியர் காலத்துக் கூடமொன்றில் நடந்துகொண்டே அப்பாவுக்குக் காட்டினாள். வளைவு வளைவாகக் கல். மேலே சிறு துவாரங்களில் வெளிச்சம்.

"மேல அந்தக் காலத்துல சந்தையாம்ப்பா. இங்கன தானியம் வச்சிருக்காவ. பொறவு ஒயின் பீப்பா, பொறவு ஊர்க்குப்பை. ஒலகப்போர்ல குண்டு போடும்போது மேல்வீட்டுக்காரர் கதவத் தொறந்துவிட்டு, ஊரே இதுக்குள்ள ஒதுங்கிச்சாம். இப்ப டிக்கெட் வாங்கித்தான் பாக்கணும்."

அவர் தலையாட்டினார்.

"நம்ம மாடி மாதிரி. வெள்ளத்துல கீழத்தெரு ஆளுவள ஏத்துனியள்லா, இங்க எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

அருமைநாயகம் போனின் சத்தத்தைக் குறைத்தார். தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் ஏறிய அந்த டிசம்பரில், இதே சுடலைவடிவு இடுப்பளவுத் தண்ணீரில் அப்போது கைக்குழந்தையாக இருந்த இந்த மகளைத் தூக்கிப் பிடித்து "சார், சார்" என்று கேட்டைத் தட்டினாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். மாடியில் அப்போதுதான் புது டைல்ஸ் பதித்திருந்தது. சேறாகிவிடுமே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஜன்னலை விட்டு நகர்ந்து நின்றார். தட்டுவது நிற்கும்வரை அசையவில்லை. மறுநாள், தனியாக இருக்கிறீர்களே என்று கெசியா போனில் அழுதாள். 'தனியா இல்லம்மா, கீழத்தெரு ஆளுவ கூட இருக்காவ' என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய் அங்கேயே நிற்கவில்லை.

"யாருப்பா அங்க, சுடலக்காவா?"

சுடலைவடிவு மெல்ல வந்து போனுக்கு முன் குனிந்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கியா தாயி? ஆமா, மாடிலதான் கெடந்தோம். ஒங்கப்பா காப்பி போட்டுக் குடுத்தாவ."

பேசி முடித்ததும் அவர் வெகுநேரம் போனையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பிள்ள தூரத்துல இருக்கு சார். அதுக்கு என்னத்துக்கு மனக்கஷ்டம்?" காதுகுத்துப் பத்திரிகையை மேசையில் வைத்தாள். "மாடிய ஒருக்கப் பாத்துக்கிடட்டுமா? கெசியா பாப்பா இன்னொரு நாள் கேட்டா சொல்லணும்லா."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவர் முன்னே ஏறினார். மாடி அறைக் கதவைத் திறந்ததும் குழந்தை ஓடிப்போய், வெயிலுக்கு இதமாக, வெறும் டைல்ஸில் கன்னம் வைத்துப் படுத்துக்கொண்டது. சுடலைவடிவு நிலைப்படியைத் தாண்டவில்லை.

"நாங்க எந்தப் பக்கம் படுத்திருந்தோம் சார்?"