பாதியில் எடுத்த பட்டியல்

துளசிராம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் மேலமாசி வீதியில் ஒரு மாடியில் இருந்தது. நர்ஸ் பயிற்சிப் பள்ளியின் நுழைவுத் தேர்வுப் பட்டியல் அங்கேதான் தயாராகும். தேறியவர்களை எண் வரிசைப்படி பொறுக்கி ஒரு ஃபைலில் எழுதும் கட்டளையை அவனுடைய புரோகிராம் பின்னணியில் ஓடவிடும். இருபது நிமிடம் பொறுத்து அந்த ஃபைலைப் படித்து பிரிண்டருக்கு அனுப்பும். கட்டளை முடிந்துவிட்டதா என்று பார்க்க அவன் எதுவும் எழுதி வைக்கவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் அது ஓடியதே இல்லை.

1987-ல் விண்ணப்பங்கள் இரண்டு மடங்காயின. இருபதாவது நிமிடத்திலும் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை வந்ததைப் புரோகிராம் அச்சடித்தது. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. துளசிராம் கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

பதினெட்டு நாள் கழித்து, பள்ளியின் கிளார்க் ரெங்கம்மாள் மாடியேறி வந்தார்.

"தம்பி, ஆயிரத்து நூத்துக்கு மேல நம்பர் உள்ள ஒருத்தர்கூடவா பாஸாகல?"

இருபது நிமிடம் போதவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டளை முடியும்வரை காத்திருக்கும்படி புரோகிராமைத் திருத்தி மறுபடி ஓடவிட்டான். முப்பத்தாறு நிமிடம் ஆனது. விடுபட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.

எல்லோருக்கும் தந்தி போனது. மேலூர்ப் பக்கத்து ஜெயக்கொடி மட்டும் பதில் போடவில்லை. திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை காலை துளசிராம் பஸ் ஏறினான்.

அவள் அப்பா மொக்கையன் அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தந்தி வந்துச்சு தம்பி. நாந்தான் யாருக்கும் சொல்லல. அதுக்கு முந்துன புதன்கிழமதான் கல்யாணத்த முடிச்சோம். நம்பர் இல்லேன்னதும், 'நீ பாக்குற எடத்துலயே முடிப்பா'ன்னு அதுவே சொல்லிருச்சு. இப்பப் போயி என்னத்தச் சொல்றது?"

தந்தியை வாங்கிக்கொண்டு, வழி கேட்டு, அழகர்கோவில் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனான். ஜெயக்கொடி வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருந்தது. தந்தியை இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப நான் பெயிலாகலையா சார்?"

"இல்லம்மா. எழுபத்தெட்டு மார்க்கு. விட்டுப்போன நாப்பத்தோரு பேர்ல நீங்கதான் முதல். தப்பு பூராம் என்னோடது."

"எனக்குப் படிப்பு வராதுன்னு நெனச்சுட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து மாமியார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன இப்ப? வந்தவருக்குத் தண்ணி குடு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

செம்பை வாங்கும்போது துளசிராம் தணிந்த குரலில் சொன்னான்: "திங்கக்கிழம வாங்க. கேட்லயே நிக்கிறேன்."

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணியிலிருந்து அவன் பள்ளி வாசலில் நின்றான். மற்ற நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ரெங்கம்மாள் வெளியே வந்தார்.

"அடுத்த பிள்ளையக் கூப்பிடலாமா தம்பி?"

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்க்கா."

அவரும் இரண்டு மணிவரை பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. காத்திருப்போர் வரிசையில் இருந்த விளாங்குடிப் பெண்ணை அழைத்தார்கள். அவள் அம்மா ஓடிவந்து துளசிராமைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருக்கணும் சாமி" என்றாள். திருப்பிக் கும்பிட அவனுக்குக் கை எழவில்லை.