பதினொன்றில் தொடங்கும் எண்

ஓப்பல் காம்ப்ஸ் அந்தச் சனிக்கிழமை காலை துப்பாக்கிச் சந்தைக்கு வந்தபோது கக்கத்தில் போர்வை சுற்றிய நீள மூட்டை இருந்தது. கைப்பையில் ஓர் இரும்புத் துண்டு இருந்தது. நெஞ்சில் மூன்று வருஷத்து வன்மம் இருந்தது.

வாசலில் சோதனை போடுகிற டெல்மர் போர்வையை விலக்கிப் பார்த்தான். "என்னம்மா இது, விசையே இல்லாத துப்பாக்கி?"

"விசை பையில இருக்கு. நீ வழிய விடு."

கொட்டகையின் நடு மேஜை ராய்ஸ் ப்ரூயிட்டுடையது. கென்டக்கி மாநிலம் முழுக்கச் சந்தை சந்தையாகச் சுற்றுகிறவன். சீனத்துப் பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் அவன் சொன்னதுதான் வேதம். இரும்பில் குத்திய முக்கோணத்துக்குள் 26 இருந்தால் இன்ன தொழிற்சாலை என்று தெரிந்துவிடும். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 1956-உடன் கூட்டினால் செய்த வருஷம் வந்துவிடும். இவ்வளவுதான் வித்தை. இதற்கு அந்த ஆள் பண்ணுகிற அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா! பூதக்கண்ணாடி என்ன, பஞ்சு என்ன, வருஷத்தை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கும்பலுக்குத் தூக்கிக் காட்டுவது என்ன!

அந்த மேஜையில்தான் அவள் புருஷன் லைலின் மானம் போனது. வியட்நாம் போரில் எதிரியிடம் பிடுங்கிய சீனத்துத் துப்பாக்கியோடு அறுபத்தொன்பதில் வீடு திரும்பியவன் லைல். ராணுவம் கொடுத்த அத்தாட்சிக் காகிதம் பின்னால் வந்த ஒரு வெள்ளத்தோடு போய்விட்டது. வரிசை எண்ணை வைத்தாவது ஓர் அட்டை வாங்கலாம் என்று, பாவம், ஆசை ஆசையாகக் கொண்டுபோனான். ராய்ஸ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"பதினேழுல ஆரம்பிக்குது. அப்ப எழுபத்திமூணுல செஞ்சது. நம்மாளு அறுபத்தொம்பதுலயே கொண்டாந்துட்டாராம்! ஏம்ப்பா லைல், அது பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே புடுங்கிட்டியா?"

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒரு தடவ கழட்டிப் பாரு ராய்ஸ். உள்ளயும் நம்பர் இருக்கும்" என்று கெஞ்சினான் லைல்.

"குப்பைக்கெல்லாம் நான் கையில எண்ணெய் ஆக்கிக்கறதில்லப்பா."

அன்றோடு லைல் காம்ப்ஸ் 'கதை விடுற லைல்' ஆகிவிட்டான். பழைய சிப்பாய்கள் சேர்ந்து சாப்பிடும் சனிக்கிழமைக் காலைப் பலகாரத்துக்குப் போவதை நிறுத்தினான். துப்பாக்கியைக் கட்டிலுக்கடியில் தள்ளியவன் பிறகு தொடவே இல்லை. இரண்டு வருஷம் அப்படியே வெந்து வெந்து செத்தான். போகிற அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நம்புறியா ஓப்பல்?" என்று கேட்டான். "நம்புறேன்" என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்கிவிட்டாள். அவன் அதைக் கவனித்தான்.

காரியம் முடிந்த மறுவாரம் சமையலறை மேஜையில் வைத்து அவளே துப்பாக்கியைக் கழற்றினாள். விசைப் பாகத்தில் 11. பிடிக்கட்டையில் 11. உள்ளே இருந்த இரும்பிலும் 11. மேலே, ராய்ஸ் பார்த்த இடத்தில் மட்டும் இரண்டாவது ஒன்றின் தலையில் ஒரு கீறல் விழுந்து அதை ஏழாக்கியிருந்தது. ராணுவ லாரியிலிருந்து விழுந்து கீறிக்கொண்டது என்று லைல் எத்தனையோ தரம் சொல்லியிருந்தான். ஓப்பல் அன்று அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்களைப் படிக்கத் தொடங்கினாள்.

ராய்ஸுக்கு அவளைத் தெரியாது. இன்று அவன் மேஜை முன் கும்பல் சேரும்வரை காத்திருந்து, விசைப் பாகத்தை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எந்த வருஷம்னு பாத்துச் சொல்ல முடியுமாய்யா? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"அதுக்குத்தான் நான் இருக்கேன் பாட்டி!" ராய்ஸ் பூதக்கண்ணாடியை எடுத்தான். "முக்கோணம் இதுல இருக்காது. ஆனா நம்பர் குத்தியிருக்கற தினுசப் பாத்தாலே இருபத்தாறாம் நம்பர் ஃபேக்டரிதான். பதினொண்ணு. அறுபத்தேழு. போர்க்காலத்துச் சரக்கு! மிச்சத் துப்பாக்கி எங்க?"

"சந்தேகமே இல்லியே?"

"இந்த ராய்ஸ் சொன்னா சொன்னதுதான்."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதினான். கையெழுத்துப் போட்டான். அட்டையைத் தூக்கிக் காட்டினான். நாலு பேர் கைதட்டினார்கள்.

ஓப்பல் போர்வையை உருவினாள். துப்பாக்கியைக் குப்புறப் போட்டு, விசைப் பாகத்தைப் பொருத்தி, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். டக்கென்று உட்கார்ந்தது. பிறகு கட்டையிலிருந்த எண்ணைக் காட்டினாள், உள்ளே இருந்த எண்ணைக் காட்டினாள். கடைசியாக அந்தக் கீறல் விழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது லைல் காம்ப்ஸோட துப்பாக்கி. நான் அவர் பொண்டாட்டி. இப்பச் சொல்லு, எப்பச் செஞ்சது?"

ராய்ஸின் மூஞ்சி செத்துப்போனது. "கீறல்ல... யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்கம்மா..."

"கழட்டிப் பாருன்னு கெஞ்சினாரே மனுஷன்! கையில எண்ணெய் ஆயிடும்னியே! எடு மைக்க. அன்னிக்கு எவ்வளவு சத்தமாச் சொன்னியோ அவ்வளவு சத்தமாச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. வாசலை விட்டுவிட்டு டெல்மரும் உள்ளே வந்திருந்தான். ராய்ஸ் மைக்கை எடுத்தான். "லைல் காம்ப்ஸ் சொன்னது நெஜம். தப்பு என்னுது" என்றான். அதைக் கேட்க அவளுக்கு அப்படி ஒரு தித்திப்பாக இருந்தது. மூன்று வருஷமாக எரிந்த வயிறு அல்லவா!

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான், மைக்கை வைத்துவிட்டு.

"என்கிட்ட எதுக்கு? நாளைக்குச் சர்ச் விட்டதும் பின்னாடி கல்லறைக்கு வா. இந்த அட்டைய அவருகிட்ட வாசி. கேக்கறதுக்கு ஊரையே கூட்டிட்டு வரேன்."

துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து தன் வண்டியில் ஏறினாள். சாவியைப் போட்டவள் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். ராய்ஸுக்காவது வாசித்துக் காட்ட ஓர் அட்டை இருந்தது. நாளைக்கு எல்லாரும் போன பிறகு அவளும் லைலிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தயங்கிய அந்த ஒரு நொடிக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.